கிணற்றடி வசம்பு

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் 750 ஆம் இலக்கப் பஸ்ஸில் யன்னலோரத்தில் இடங் கிடைத்தவன் பாக்கியசாலி. ஏறக்குறைய 20 மைல் தூரந்தான். எனினும் அந்தத் தூரத்துக்குள் மண்ணின் நிறமும் குணமும் மாறிமாறி வருவதைக் கண்ணாரக் காணலாம். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று ஊர்கள் கழியும்வரை செம்மண். பெயருக்கேற்ப நீர்வேலியில் வாழை குலை தள்ளி நிற்கும். அவரங்காலைத் தாண்டியதும் பச்சை திடீரென்று அற்றுப்போகும். வல்லை வெளி வந்துவிட்டதென்று காற்றே அறிவிக்கும். இருபுறமும் உவர்நிலம், நடுவே பாலம், கரையில் முனியப்பர் கோயில். பஸ் அங்கே வேகங் குறைக்கும்போது பலர் கன்னத்திற் போட்டுக்கொள்வர். இரவிலே தனியே வல்லை வெளியைக் கடந்தவர்கள் கண்ட பேய்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் நாங்கள். இன்று பேய் ஒன்றையும் காணோம்; கொக்கும் நாரையும் உண்டு.

சென்ற புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இவ்வழியே போனது ஊர் பார்க்க அன்று. தும்பளையில் தனித்திருக்கும் என் பெரியம்மா தொலைபேசியில் அழைத்திருந்தார். “தம்பி, புதன்கிழமை மேசன் வாறான். கிணத்தடி முழுக்கச் சீமெந்து போடப்போறம். அதுக்கு முன்னம் ஒருக்கா வந்திட்டுப் போ” என்பது செய்தி. ஏன் வரச் சொல்கிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கிணற்றடியில் என்ன நிற்கிறது என்பது இருவருக்கும் தெரியும்.

பருத்தித்துறைப் பஸ் நிலையத்தில் இறங்கியவன் ஒரு சரை தட்டை வடையாவது வாங்காமற் போவது பாவம். அதை முடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். பருத்தி ஏற்றுமதியான துறை ஆகையாற் பருத்தித்துறை என்பர். போர்த்துக்கேயர் இதனைக் கல்முனை என்று பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். அதுவே ஆங்கிலேயர் வாயில் ஓர் ஆளின் பெயர்போல ஆகிவிட்டது. இங்கே கல்லுக்குக் குறைவில்லை. கரையோரம் முழுவதும் சுண்ணாம்புக்கல். 1916 இல் எழுந்த வெளிச்சவீடு அந்தக் கல்லின்மேலேயே நிற்கின்றது. மேற்கே சக்கோட்டை முனை. இலங்கைத் தீவின் வடக்கு எல்லை அதுதான்.

தும்பளைக்குப் போகும் வீதியிலே தெருமூடி மடம் இருக்கின்றது. பெயரைக் கேட்டதும் வெளியூரார் வியப்பர். தெருவுக்கு இருமருங்கும் உயர்ந்த திண்ணைகள், கருங்கல்லன்று, ஊர்க் கல்லிலே செதுக்கிய தூண்கள், தெருவை மூடிய கூரை. வண்டியும் சைக்கிளும் மனிதரும் மடத்தின் ஊடாகவே போகவேண்டும். நடந்து களைத்தவன் தெருவை விட்டு விலகாமலே நிழலில் அமரலாம். இப்படி ஓர் அமைப்பைச் செய்தவனுக்கு வழிப்போக்கனின் கால்வலி தெரிந்திருக்கவேண்டும். நானும் ஐந்து நிமிடம் இருந்துவிட்டே எழுந்தேன்.

பெரியம்மாவின் வளவு பனையோலை வேலியும் கிளுவையுமாக இருந்த காலம் உண்டு. இன்று மதில். ஆயினும் கிணற்றடி பழைய கிணற்றடியே. வட்டக் கட்டு, பக்கத்தில் ஆடுகாலாக நின்ற பூவரசு, துணி தோய்க்கும் கல், அங்கிருந்து வடிந்து ஓடும் சிறு வாய்க்கால். வாய்க்காலின் ஓரத்தில் வாழை இரண்டு குட்டிகளோடு நின்றது. வாழைக்கும் கல்லுக்கும் நடுவே, ஆறடி நீளமும் மூன்றடி அகலமுமான ஈரத்தரையில், வாள்களை நட்டுவைத்ததுபோல நிமிர்ந்து நின்றது வசம்பு.

“வெயிலுக்கை நடந்து வந்திருக்கிறாய், முதல் தண்ணியைக் குடி” என்று செம்பை நீட்டினார் பெரியம்மா.

“வசம்பை என்ன செய்யப்போறியள் பெரியம்மா?”

“பேரைச் சொல்லாதை எண்டு எத்தனை தரம் சொன்னனான்!”

பேர் சொல்லாதது என்பதே அவருக்கு அதன் பெயர். பிள்ளைவளர்ப்பான் என்றும் சொல்வார்கள். வசம்பு என்று வாயாற் சொன்னால் மருந்தின் வலி போய்விடும் என்பது நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆயினும் 78 வயதான ஒருவரின் முற்றத்தில் நின்றுகொண்டு தர்க்கம் பேசுவது முறையன்று. அதன்பின் நானும் ‘அது’ என்றே சொல்லலானேன்.

இந்த வசம்பைப் பற்றி வாசகருக்குச் சிறிது சொல்லவேண்டும். இலை இரண்டடி மூன்றடி உயரும். இரு ஓரமும் கூராய், நடுநரம்பு நடுவில் இல்லாமற் சற்றே ஒருபக்கம் ஒதுங்கி ஓடும். இலையைக் கசக்கினால் இனிய வாசம் எழும். நிலத்தின் கீழே, விரற்பருமனான கிழங்கு கணுக்கணுவாகப் பக்கவாட்டிற் படரும். மருந்துக்கு எடுப்பது இக்கிழங்கையே. பூ என்று சொல்லத்தக்க அழகு அதற்கில்லை. இலைபோன்ற தண்டின் பக்கத்திலிருந்து மஞ்சள் கலந்த பச்சை நிறத்திற் சிறுவிரல் நீட்டியதுபோல ஒன்று வெளிப்படும், அதுவும் அருமையாகவே. நீண்டகாலம் இதனைச் சேம்பின் குடும்பத்திற் சேர்த்திருந்த தாவரவியலார், இப்போது தனிக் குடும்பமாகப் பிரித்துவிட்டனர். நெல், பனை, வாழை, தாழை முதலிய ஒருவித்திலைத் தாவரங்கள் யாவும் ஒரு பெருமரத்தின் கிளைகளென்றால், அடியில் முதன்முதற் பிரிந்த கிளை வசம்பே என்பது இன்றைய முடிபு. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அதுதானே பேர் சொல்லக்கூடாது எண்டது” என்றார். மூத்தோர் பெயரைச் சொல்லலாகாது அன்றோ!

ஐரோப்பாவிலே குளக்கரையிலும் ஓடைக்கரையிலும் ஐரிஸ் என்னும் பூச்செடியை வளர்ப்பார்கள். வானவில்லின் தேவதைக்குக் கிரேக்கர் இட்ட பெயர் அது. நீலம், ஊதா, மஞ்சள், வெள்ளை எனப் பூக்கும். இங்கிலாந்தின் சதுப்புகளில் இயல்பாக வளரும் மஞ்சள் ஐரிசுக்கு லின்னேயசு 1753 இல் இட்ட சிறப்புப் பெயரின் பொருள் ‘போலி வசம்பு’ என்பதாகும். பூவில்லாத காலத்தில் இரண்டின் இலைகளையும் வேறுபிரித்தறிதல் அத்துணை கடினம். கசக்கி முகர்ந்தாற்றான் தெரியும். அழகிற் சிறந்த ஐரிஸ் தன் பெயருக்கு நம் கிணற்றடிச் செடியிடம் கடன்பட்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

ஆனால் ஒருகாலத்தில் எனக்கும் ஐரிஸ் மோகம் இருந்தது. காசுமீரத்தில் இடுகாடுகளின் மேல் ஐரிஸ் நட்டு வளர்ப்பார்கள் என்று படித்திருந்தேன். படங்களையும் பார்த்திருந்தேன். இலண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் என் ஆசையறிந்து நான்கு கிழங்குகளைக் கடதாசியிற் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். நல்லூரில் நான் குடியிருந்த வீட்டின் முற்றத்தில் நட்டேன். இலை விட்டது. அயலாரை அழைத்துக் காட்டினேன். முதலாண்டு பூக்கவில்லை. இரண்டாமாண்டும் பூக்கவில்லை. அந்த இனத்துக்குக் குளிர்காலம் ஒன்று வேண்டும். உறைபனியின் உறக்கத்தின் பின்னரே அது மொட்டு வைக்கும் என்று பின்னரே அறிந்தேன். மூன்றாம் ஆண்டு கார்த்திகை மழையில் நான்கும் அழுகின. தோண்டிப் பார்த்தபோது கையில் ஒட்டிய நாற்றம் இன்னும் நினைவிலிருக்கின்றது. வாழமுடியாத இடத்துக்கு அதனை வருத்தி அழைத்த பிழை என்னுடையதே.

ஐரிஸ் இல்லாத குறை நம் நாட்டுக்கு உண்டா? கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களை அடுக்கினார். அந்த வரிசையின் தலையில் நிற்பது காந்தள், அடுத்தது ஆம்பல். இரண்டும் இன்றும் நம்மூரில் உள்ளன. காந்தளை நாம் கார்த்திகைப்பூ என்போம். வடமராட்சியின் வேலிகளில் மாரியோடு கொடியேறி, தீக்கொழுந்துபோலப் பூத்துப் பின் மறையும். ஆனால் அதற்கு ஈரத்தரை ஆகாது. நீர் வடிந்தோடும் மணற்பாங்கான இடமே வேண்டும். தேங்கினாற் கிழங்கு அழுகிவிடும். கிழங்கு கடும் நஞ்சு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கவேண்டும். ஆகவே அது வேலிக்குரியது, கிணற்றடிக்குரியதன்று.

ஈரத்துக்கென்றே பிறந்தவை வேறு. நீர்முள்ளி நீலமும் ஊதாவும் கலந்த பூப் பூக்கும். முள்ளுக்குப் பயந்து எவரும் அதனைத் தோட்டத்தில் வைப்பதில்லை. அதனருகே கால் வைக்காமல் ஓர் ஓரத்தில் வளர்த்தால் ஐரிசின் நிறம் வேண்டுமென்ற ஏக்கம் தீரும். விஷமூங்கிலின் வெண்பூ இரவில் மணக்கும்; கடற்கரை மணலிலும் வளரும், வாய்க்காலோரத்திலும் வளரும். நிலத்தோடு நிலமாகப் படர்வதற்கு நீர்ப்பிரமியும் பொடுதலையும் உண்டு. நீர்ப்பிரமி சிறிது உவரையும் பொறுக்கும். கறிக்கு உதவுவன பொன்னாங்காணியும் வல்லாரையும். சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் கல்வாழையை நம் கிணற்றடிகள் எல்லாவற்றிலும் காணலாம். அது அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. வந்து பல தலைமுறையாகிவிட்டதால் அதனைப் போகச் சொல்வது மரியாதையன்று. ஆனால் புதிதாக ஒன்று நடுபவர் முதலில் நீர்முள்ளியை நினைத்துப் பார்க்கலாம்.

தாழையைச் சொல்லாமல் விட்டால் நெய்தல்நிலத்தார் என்னை மன்னியார். சிவபெருமானின் முடியைக் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொன்ன குற்றத்தால் தாழம்பூ சிவபூசைக்கு ஆகாததாயிற்று என்பது புராணம். தலையிற் சூடுவதற்கும் பெட்டகத்தில் வைப்பதற்கும் அந்தத் தடை இல்லை. ஆண்மரத்தின் பூவுக்கே அந்த மணம். பருத்தித்துறையிலிருந்து கிழக்குக் கரையோரமாகத் தெற்கே போனால் தாழையடி என்றே ஓர் ஊர் வரும். அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமொன்று 2024 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. ஆறில்லாத நாட்டிற் கடலையே காய்ச்சிக் குடிக்கும் காலம் வந்துவிட்டதென்று பெரியம்மா சொன்னார். காய்ச்சுவதில்லை, நுண்ணிய சவ்வுகளினூடே அமுக்கி உப்பைப் பிரிக்கிறார்கள் என்று திருத்தினேன். “எது எண்டாலும் கிணறு சரியாயிருந்தால் அது ஏன்?” என்றார். அந்தக் கேள்விக்கு நான் உடனே விடை சொல்லவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மாரியிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நீரைச் சுண்ணாம்புக்கல்லின் துவாரங்களும் பிளவுகளும் உள்வாங்கி வைத்துக்கொள்கின்றன. கீழே கடலின் உப்புநீர். அதன்மேல் மழையின் நன்னீர், எண்ணெய் நீரின்மேல் மிதப்பதுபோல மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. 19 ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி ஒல்லாந்தர் ஒருவரும் ஜேர்மனியர் ஒருவரும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். இந்தக் கணக்கின் மறுபக்கம் அச்சந்தருவது. மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும்.

துலா இருந்த காலத்தில் இந்த அச்சம் குறைவு. ஒருவன் இறைக்கக்கூடிய நீருக்கு அவன் தோளின் வலிமையே எல்லை. 1990 ஆண்டுகளில் மின்சாரமும் மண்ணெண்ணெயும் அரிதாகியிருந்தபோது, கைவிட்ட துலாக்கள் மீண்டும் எழுந்தன. அப்போது நான் சிறுவன். பெரியம்மா வீட்டில் விடுமுறைக்கு நிற்கும் நாட்களில் காலை மாலை துலாக்கொடியைப் பிடிப்பது என் வேலை. குளிக்க வார்த்த நீரும், அரிசி கழுவிய நீரும், பாத்திரம் அலம்பிய நீரும் அந்தச் சிறு வாய்க்காலில் இறங்கி, முதலில் வசம்புக்கும் பிறகு வாழைக்கும் பிறகு முருங்கைக்கும் போகும். ஒரு வாளியும் வீணாகாது. எவரும் இதனைத் திட்டமிட்டு வரைந்ததில்லை. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே தண்ணீர் விரும்புவதை நட்டார்கள், அவ்வளவே.

2004 டிசெம்பர் 26 ஆம் தேதி கடல் எழுந்து வந்தபோது, பெரியம்மாவின் வளவுக்கு இரண்டு ஒழுங்கை அப்பாலே நின்றுவிட்டது. உயிர் இழந்தவர்களின் வீடுகளை எண்ணினால் கிணற்றைப் பற்றிப் பேசவும் நாக்கூசும். ஆயினும் சில வாரங்களில் கிணற்று நீர் சவர்த்தது. கரையோரத்திற் பல இடங்களில் உப்பேறிய கிணறுகளைத் துப்புரவாக்க எண்ணி ஓயாது இறைத்தார்கள். இறைக்க இறைக்க அடியிலிருந்த உப்புநீரே மேலேறியது. பெரியம்மா இறைக்கவில்லை. வசம்பின் இலைநுனி கருகிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு, அயல்வீட்டிலிருந்து குடத்தில் நீர் கொண்டுவந்து ஊற்றினார். அடுத்த மாரி வந்தது. அதற்கடுத்த மாரியும் வந்தது. நுனி பச்சையாகவே முளைத்த அன்று, கிணற்று நீரை முதன்முறையாக வாயில் வைத்துப் பார்த்தாராம். வசம்பு உப்பைப் பொறாத செடி. அது செழித்து நிற்கும்வரை கிணற்றைப் பற்றிக் கவலையில்லை என்பது அவர் கண்ட அளவுகோல். ஆய்வுகூடத்தில் எனக்கு இதைவிட நுட்பமான கருவிகளைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவற்றை ஒவ்வொரு காலையும் பார்ப்பார் இல்லை.

அப்படியிருக்கச் சீமெந்து ஏன்? மகன் கனடாவிலிருந்து காசு அனுப்பிவிட்டார். “நான் வழுக்கி விழுந்திடுவன் எண்டு கொண்ணனுக்குப் பயம்” என்றார் பெரியம்மா. சென்ற தை மாதம் பாசிபிடித்த தரையில் ஒருமுறை வழுக்கியும் இருக்கிறார். மணிக்கட்டில் வீக்கத்தோடு போயிற்று. அதனை எனக்கு இன்றுதான் சொல்கிறார். கேட்டதும் என் வாயிலிருந்த வாதங்கள் யாவும் ஒடுங்கின. தனியே இருக்கும் தாய் கிணற்றடியில் விழுந்து கிடந்தால் எடுத்து நிறுத்த ஆளில்லை. பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இரவு நித்திரையின்றிக் கிடப்பவர் சொல்வதில் என்ன பிழை? செடிக்காகப் பேச வந்தவன் முதலில் இதற்கு மறுமொழி சொல்லவேண்டும்.

மேசனைத் தேடிப் போய் அழைத்துவந்தேன். ஞாயிற்றுக்கிழமையிலும் மனங்கோணாமல் வந்தார். கிணற்றைச் சுற்றி 30 அடி நீளம், 20 அடி அகலம் சீமெந்திடுவது என்று பேச்சு. ஆசிரியனுக்குக் கணக்குப் போடாமல் இருக்கமுடியாதே! பழைய கடித உறையின் பின்புறத்திற் போட்டேன். 600 சதுர அடி. அதன்மேல் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறக்குறைய 70,000 லீற்றர். முழுவதும் நிலத்துள் இறங்காதென்பது உண்மை, ஒருபகுதி ஆவியாகும். ஆயினும் சீமெந்திட்டபின் பெய்ததெல்லாம் மதிலின் ஓட்டையால் ஒழுங்கைக்குப் போய், ஒழுங்கையாற் கடலுக்குப் போகும். “ஒரு வளவுக்கு இவ்வளவு என்றால் தும்பளை முழுவதுக்கும் எவ்வளவு?” என்று மேசனைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “மாஸ்டர், எல்லாரும் இப்ப அப்பிடித்தானே போடுகினம்” என்றார். பின்னர் அவரே சற்று யோசித்து, “ஆச்சி கால் வைக்கிற இடம் எது?” என்று கேட்டார். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

பெரியம்மா நடந்து காட்டினார். குசினி வாசலிலிருந்து கிணற்றுக்கட்டுக்கு, அங்கிருந்து தோய்க்கும் கல்லுக்கு, கல்லிலிருந்து கொடிக்கம்பிக்கு. மேசன் கரித்துண்டாற் கோடிட்டுக்கொண்டே போனார். அளந்து பார்த்தால் 4 அடி அகலமான பாதையும் கிணற்றைச் சுற்றி ஒரு வட்டமுமே வேண்டியிருந்தது. அதன் மேற்பரப்பைத் தும்புக்கட்டையால் இழுத்துச் சொரசொரப்பாக விட்டாற் பாசி பிடித்தாலும் கால் வழுக்காது. பிடித்து நடக்கச் சுவரோடு ஒரு குழாய்க் கம்பியும் பொருத்தலாம் என்றார். இடத்தை வாய்க்காற் பக்கமாகச் சிறிது சரித்துவிட்டால் நீர் பாதையில் நில்லாது.

கனடாவில் அப்போது விடியற்காலை. ஆயினும் அண்ணா தொலைபேசியை எடுத்தார். முதலில், “செடிக்காகவா அம்மாவை விழவிடச் சொல்கிறாய்?” என்று சினந்தார். கம்பியைப் பற்றிச் சொன்னேன். சொரசொரப்பைப் பற்றிச் சொன்னேன். முழுத்தரையும் சீமெந்தானால் மழைநாளில் முழுத்தரையுமே பாசியாகும் என்பதையும் சொன்னேன். சிறிதுநேரம் பேச்சில்லை. “அந்த வாள் இலை இன்னும் நிக்குதோ? சின்னனிலை அதைப் பிடுங்கிச் சண்டை பிடிச்சு அம்மாட்டை அடிவாங்கினனாங்கள்” என்றார். பிறகு மேசனோடு தாமே பேசினார்.

ஈரத்தரையை வைத்திருப்பவர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஈரம் இருக்கலாம், தேக்கம் இருத்தலாகாது. மாரியில் டெங்கு மலிந்த ஊர் நம்முடையது. பழைய தொட்டி, உடைந்த வாளி, சிரட்டை ஆகியவற்றில் நிற்கும் நீரே அந்த நுளம்புக்குத் தொட்டில். வசம்புப் பாத்தி சேறாக இருக்கலாம், குட்டையாக ஆகக்கூடாது. சவர்க்காரத் தூளின் கடும் நீரையும் அதில் விடலாகாது. கடைசியாக அலசிய நீர் போதும். மலக்குழியின் பக்கத்தில் இவற்றை நட்டுக் கறிக்குப் பறிப்பது கூடவே கூடாது.

புதிதாக ஆக்க விரும்புவோர் புரட்டாதி முடிவில், மழைக்கு முன்னே தொடங்கலாம். ஒன்றரை அடி ஆழம் வெட்டவேண்டும். கரையோரத்தில் அதற்குள்ளேயே கல் தட்டிவிடும். அவ்விடத்தில் வெட்டாமல் வரம்பு உயர்த்திக் கொள்க. குழியின் அடியிலே தென்னம் பொச்சுமட்டைகளை உட்புறம் மேலே தெரியும்படி அடுக்கினால், அவை நீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையிற் சிறிதுசிறிதாக விடும். மேலே குளத்து மண்ணும் மாட்டெருவும் மக்கிய இலையும் கலந்து நிரப்பி, முளையுள்ள வசம்புக் கிழங்குத் துண்டுகளை 1 அடிக்கு ஒன்றாக, ஆழம் புதைக்காமல் நடவேண்டும். ஓராண்டிற் பாத்தி மூடிவிடும். அதன்பின் அதனை வளர்ப்பதைவிட அடக்குவதே வேலை.

மருந்தாக அதனைப் பயன்படுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. சுட்டு உரைத்த வசம்பைக் குழந்தையின் நாவில் தடவாத தாய்மார் முன்பு இல்லை. என் நாவிலும் தடவியிருப்பார்கள். ஆனால் வசம்பின் எண்ணெயில் உள்ள ஒரு பொருள் ஆய்வுகூட எலிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கியது என்று கண்டு, அமெரிக்காவில் 1968 இல் உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தனர். நம் நாட்டு இனத்தில் அப்பொருள் மிகுதி. ஆகவே குழந்தைக்கு உள்ளே கொடுப்பதை விட்டுவிட்டு வைத்தியரைக் கேட்பதே நன்று. பெரியம்மாவிடம் இதனைச் சொல்வதற்கு எனக்குப் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. வெளியே வைப்பதற்கு எத்தனையோ பயன் உண்டு. தஞ்சைச் சரசுவதி மகாலிலே ஓலைச்சுவடிகளைப் பூச்சியிடமிருந்து காக்கும் பொடியில் வசம்பும் ஒன்று. என் புத்தக அலுமாரியிலும் பெரியம்மா தந்த துண்டுகள் கிடக்கின்றன.

மாலையில் வல்லிபுரம் வரை போய் ஆழ்வாரைத் தரிசித்தேன். கடல்தீர்த்தத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. மணலிற் பந்தல் எழுந்துகொண்டிருந்தது. 1936 இல் பிராமி எழுத்துப் பொறித்த பொன்னேடு கிடைத்த ஊர் இது. சுற்றிலும் வெண்மணற் குன்றுகள். வரண்ட பாலை என்று காண்பவர் எண்ணுவர்; ஆனால் பெய்யும் மழை ஒரு துளியும் ஓடாமல் மணலுக்குள் இறங்குவதால், சில அடி தோண்டினாலே இங்கு நன்னீர் சுரக்கும். கடல் கூப்பிடு தூரத்தில்.

திரும்பிவந்தபோது பெரியம்மா கிழங்கில் ஒரு முழத் துண்டை வெட்டி, ஈரச் சாக்கிற் சுற்றி, அதன்மேல் அன்றைய பத்திரிகையைக் கட்டி வைத்திருந்தார். நல்லூரில் ஐரிஸ் அழுகிய மூலை இன்னும் வெறுமையாகக் கிடப்பது அவருக்குத் தெரியும். வழியில் எவராவது என்னவென்று கேட்டால் பெயரைச் சொல்லாதே என்று படலைவரை வந்து சொன்னார்.

கடைசிப் பஸ்ஸில் எனக்குப் பக்கத்திலிருந்த பெரியவர் இரண்டுமுறை மூக்கை உறிஞ்சினார். பிறகு என் மடியிலிருந்த பொதியைப் பார்த்து, “பேர் சொல்லாததோ தம்பி?” என்று கேட்டார். ஓம் என்றேன். வல்லைப் பாலத்தை நெருங்கும்வரை தம் தாயாரின் கிணற்றடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். முனியப்பர் கோயிலைக் கண்டதும் பேச்சை நிறுத்திக் கன்னத்திற் போட்டுக்கொண்டார்.